மூன்று முறை நான் அழித்த கேள்வி

நாற்பது ஆண்டுகள் ரயில் எஞ்சினை ஓட்டி, ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வாசகர் மன்றத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் தலைவர் ஐயா அவர்களே. நான்கு நாவல்களால் நம்மை மயக்கி, மூன்று மாதமாக நம்மிடம் வசவு வாங்கிக்கொண்டிருக்கும் எழுத்தாளர் அம்மா அவர்களே. முன்வரிசையில் முகம் மலர்ந்தும் இரண்டாம் வரிசையில் முகம் சுளித்தும் வீற்றிருக்கும் பெரியோர்களே. வீட்டு வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே. பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரம் நிற்கும் நண்பர்களே! இந்த நூலகத்தின் பின்னறை ஊழியர், நீங்கள் எல்லோரும் 'நூலக அக்கா' என்று அழைக்கும் நான், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மைக் உயரமாக இருக்கிறதா? பரவாயில்லை ஐயா, நான் எட்டிப் பேசிக்கொள்கிறேன். மேலே உள்ளதை எட்டி எடுத்துப் பழகிய கைகால்தான்.

நடந்தது நாடறிந்த கதை. இருந்தாலும் தாமதமாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மாவின் நான்கு நாவல்களிலும் நாயகர் ஒரு ரயில் கார்டு, வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பவர். நேர்மையானவர், நிதானமானவர், நான்கு நாவல் முடிந்தும் கல்யாணம் ஆகாதவர். "ஏன் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை?" என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். அம்மா சொன்னார்: "அவர் அந்த வண்டியின் டிரைவரை நேசித்தார். டிரைவரும் அவரை நேசித்தார். ஆணை நேசித்த ஆண் அவர். புத்தகத்தில் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்."

அவ்வளவுதான். தெருவெல்லாம் அதே பேச்சு. தேநீர்க் கடையில் தர்க்கம், திருமண வீட்டில் தர்க்கம், முடிவெட்டும் நாற்காலியில் பாதி முடியோடு தர்க்கம். தையற்கடைக்காரம்மா என்னிடம் வந்து, "இருவது வருஷமா அந்த மனுசனுக்கு மனசுக்குள்ளயே பொண்ணு தேடிட்டு இருந்தேன் அக்கா, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நம் தலைவர் பாடு அதைவிட மோசம். எஞ்சின் ஓட்டியவர் என்பதால் வீட்டு அம்மாளே அவரை ஒரு மாதிரி பார்க்கிறாராம். சிரிக்காதீர்கள், ஐயாவும் சிரிக்கிறார், சரி, சிரியுங்கள்.

கணக்கு வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "பரீட்சை முடிஞ்சு விடைத்தாளைக் குடுத்தாச்சு. வெளிய வந்தப்புறம் ஜன்னல் வழியா இன்னொரு வரி சொன்னா மார்க் உண்டா?" இன்னும் சிலர், இது விளம்பரத்துக்காகச் செய்த வேலை என்றார்கள். நான்கு நாவல்களையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அந்த மனுவுக்கு முடிவு சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

அன்பர்களே, என் வேலை என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாது. புத்தகம் கொடுக்கிற மேசையில் வேறொருவர் இருப்பார். திரும்பி வரும் புத்தகங்கள் பின்னறைக்கு, என்னிடம் வரும். பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். கிழிசலை ஒட்டுவேன். மடிப்பை நீவுவேன். பென்சில் எழுத்து இருந்தால் ரப்பரால் அழிப்பேன். இருபத்தேழு வருடமாக உங்கள் ரகசியங்களை அழித்துக்கொண்டிருப்பவள் நான். யார் எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் யார் பெயரை எழுதினீர்கள் என்று... வேண்டாம், அங்கே ஒருவர் கைக்குட்டையைத் தேடுகிறார்.

முதல் நாவலில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறது. பயணிகள் போய்விடுகிறார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கி, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, பதினெட்டுப் பெட்டி தூரம் நடந்து எஞ்சினுக்கு வருகிறார். டிரைவர் கையில் இருக்கும் கரியைக் கழுவி முடிக்கும் வரை மூடியைத் திறக்காமல் நிற்கிறார். "பசிக்கலையா?" என்று டிரைவர் கேட்க, "இல்ல" என்கிறார். நாமெல்லாம் படித்தோம். நல்ல சிநேகிதம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினோம்.

ஒருவர் மட்டும் புரட்டவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்தப் பக்கத்தின் ஓரத்தில், மெல்லிய பென்சிலில், கை அடையாளம் தெரியாத அச்செழுத்தில் ஒரு கேள்வி: "இவரும் என்னைப் போலவா?"

நான் என்ன செய்தேன்? அழித்தேன். அடுத்த மாதம் புத்தகம் வெளியே போய்த் திரும்பி வந்தது. அதே பக்கம், அதே ஓரம், அதே கேள்வி. அழித்தேன். மூன்றாம் முறையும் வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழித்ததோடு நிற்காமல், அந்த இடத்திலேயே மையால் எழுதினேன்: "நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது." பக்கத்தில் நூலக முத்திரையும் குத்தினேன்.

அதன் பிறகு அந்தக் கேள்வி வரவே இல்லை. என் கண்டிப்பு பலித்தது என்று நான் பெருமைப்பட்டேன் அன்பர்களே. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

பேட்டி வந்த மறுநாள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பின்னட்டையில் தேதி குறிக்கும் பழைய தாள் அப்படியே ஒட்டியிருந்தது. மூன்று தேதிகளுக்கு நேராக ஒரே உறுப்பினர் எண். பதிவேட்டைத் திறந்தேன். பெயரைப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக மறுபடி படித்தேன்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். இப்போது வேறு ஊரில் இருப்பவர். "அந்தக் கேள்விய எழுதினது நீதானா?" என்றேன்.

"ஆமாக்கா."

"கதை எழுதின அம்மாவுக்கே ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கலாமே?"

"அது அவங்களுக்கு எழுதினது இல்லக்கா. திரும்பி வர்ற புத்தகத்தப் புரட்டிப் பாக்கறது நீதான்னு தெரியும். உனக்குத்தான் எழுதினேன். நேர்ல கேக்க வாய் வரல."

"நான் என்ன பதில் எழுதினேன்னு..."

"பாத்தேன்க்கா. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முத்திரை வேற குத்தியிருந்த" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாத்தியார் ஐயா, அம்மாவுக்கு நீங்கள் மார்க் போட வேண்டாம். நானும் போடவில்லை. அம்மாவை எனக்குக் கோபித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. ஒரு வரி, ஒரே ஒரு வரி அன்றே எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை ஓரத்தில் கேள்வி எழுதியிருக்க வேண்டாம். கூட்டம் தொடங்குமுன் அம்மாவிடம் இதைக் கேட்டேன். "பயந்துட்டேம்மா. யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் ஒருத்தர வண்டியோட தலையிலயும் ஒருத்தர வாலிலயும் வச்சேன்" என்றார்.

ஆனால் கேளுங்கள். எழுதியவருக்குப் பயம். படித்தவருக்குப் பயம். பயமே இல்லாத ஒருத்தி நான் இருந்தேன், கையில் ரப்பரோடு! தாமதமாகச் சொன்னது தவறென்றால், கேட்டபோதே அழித்தது என்ன? பிந்தி வந்த பதிலைப் பழிக்கிறீர்களே, முந்தி வந்த கேள்வியை யார் மதித்தோம்? இன்னும் எத்தனை ஓரங்களில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? எத்தனை வீடுகளில் எத்தனை பேர் எழுதாமலே இருந்திருப்பார்கள்? ஆகவே இந்த மன்றத்தின் முன் மன்றாடிக் கேட்கிறேன். நான்கு நாவல்களும் அலமாரியிலேயே இருக்கட்டும். கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கட்டும்.

"யார் அந்த ஆள்?" என்கிறது பின்னால் ஒரு குரல். சொல்ல மாட்டேன் ஐயா. கதையில் வருகிறவரைப் பற்றிப் படைத்தவர் சொல்லலாம். உயிரோடு இருக்கிறவரைப் பற்றி அவரே சொன்னால்தான் உண்டு. இன்று கூட்டம் என்று அவரிடம் சொன்னேன். வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் கேட்ட பெரியோர்க்கும் நன்றி சொல்லி...

யார் அங்கே எழுந்திருப்பது? கதவோர நாற்காலியில்?

உட்காருப்பா. நீ நிக்கணும்னு இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல.

ஏதோ சொல்கிறான். பின்னால் கேட்கவில்லையா? மைக்கில் சொல்லட்டுமாப்பா? தலையை ஆட்டுகிறான், சொல்கிறேன். "எழுதினது நான்தான்" என்கிறான்.

சபையோரே, இவன் என் உடன்பிறந்த தம்பி. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருந்தோம். என்னிடம் ஒரு கேள்வி கேட்க இவன் நூலகம் வரை நடக்க வேண்டியிருந்தது. மூன்று முறை நடந்தான். நான் முத்திரை குத்திய மறுமாதமே வேலை கிடைத்தது என்று ஊரை விட்டுப் போனான். சந்தோஷமாக வழியனுப்பி வைத்தேன்.

பக்கத்தில் நிற்கிறாரே, அவர் யார் தம்பி? சரி, இங்கே சொல்ல வேண்டாம். இருவரும் வாங்க. இன்று மதியம் நம் வீட்டில் சாப்பாடு. நீங்கள் கை கழுவிவிட்டு வரும் வரை நான் பரிமாறாமல் காத்திருக்கிறேன்.

தலைவர் ஐயா, அம்மா, அன்பர்களே, எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். மன்னித்துக்கொள்ளுங்கள், நான் இறங்கி அவனிடம் போக வேண்டும்.