'லுக்'கும் 'லுக் ஆஃப்டரு'ம்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள்.

"ஒரு 'ஆஃப்டர்' விட்டுப்போச்சு, வேலையும் போச்சு," என்றாள் அக்கா.

"இன்டர்வியூல என்னக்கா கேட்டாக?"

"வெளிநாட்டுல வயசானவுகளக் கவனிக்கிற வேலையில்ல? அனுபவம் இருக்கான்னாக. 'ஐ லுக் மை மதர் இன் லா'ன்னேன். 'லுக் ஆஃப்டர்'னு சொன்னாத்தான் கவனிக்கிறதாம். நாம ரெண்டுக்கும் பாக்குறேன்னுதான சொல்றோம்?"

"படுக்கையில கெடக்குறவுகளுக்குப் பீத்துணி அலசுறியே, அதச் சொல்லலியா?"

"அதுக்கு இங்கிலீஷ் தெரியல."

அவள் போன் அடித்தது. புருஷன் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா படுக்கைய நனைச்சிருச்சு. எப்ப வருவ?"

"நீங்க துணிய மாத்திவிடக் கூடாதா?"

"எனக்கு அதெல்லாம் வராது."

சின்னமனூரில் பஸ் நிற்பதற்குள் அவள் படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.