கிராணியார் வேட்டியின் எட்டுத் துண்டுகள்

பெயர் நவமணி. தகப்பனார் பெயர் பிச்சைமுத்து. வயது 24. பீடோர் மூன்றாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, குடியிருப்பும் அங்கேயே. 1926 ஆகஸ்டு 19, பகல் ஒரு மணிக்கு நான் தமிழில் சொல்லச் சொல்ல, போலீஸ் எழுத்தர் நஜ்முதீன் எழுதியது:

இம்மாதம் 3-ம் தேதி, பால்மரம் வெட்டும் வீரம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. அழுதது. ஆஸ்பத்திரித் தராசின் சுருள்வில் உடைந்திருந்தபடியால் நிறுக்கவில்லை. என் விரல் பட்ட இடமெல்லாம் அதன் தோல் சிவந்தது. வெகுநேரம் சிவந்தே இருந்தது. வீரம்மா அரைஞாண் கயிறு கட்டச் சொன்னாள். கயிறு தோலை அறுக்கும் என்று சொல்லி, அதைத் தொட்டில் காலில் கட்டினேன்.

"கண்ணு படுறது தொட்டிலுக்கா அக்கா, எம்புள்ளைக்கா?" என்றாள்.

"புள்ளை அதுக்குள்ளதானே இருக்கு" என்றேன். சிரித்தாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுக் காடாத் துணியை விரித்தேன். இரண்டு தரம் அலசியும் விறைப்பு போகவில்லை. மறுநாள் காலை இரண்டு குதிகால்களிலும் தோல் உரிந்திருந்தது. வலது காதோரத்திலும். உரிந்த இடத்தில் சீழ் பிடித்தால் இவ்வளவு சிறிய குழந்தை தாங்காது. சென்ற வருடம் ஒன்று தாங்கவில்லை. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அதன் பிறகு பழந்துணி கேட்டுத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுவதும் அலைந்தேன். வெட்டுக்காரர்களின் பழந்துணிகளில் ரப்பர் பால் காய்ந்து, புதுத் துணியைவிட முரடாக இருந்தன. தோட்டத்தில் பால் படாத பழந்துணி, கணக்கு எழுதும் கிராணி உடையப்பனின் வேட்டி ஒன்றுதான். பத்து வருடம் துவைத்த மல். பச்சைக் கரை. அன்று மாலை பீடோரில் மீரா சாஹிப் கடைக்குப் போய், அதே கரையில் புது வேட்டி வாங்கி ஒரு தரம் அலசினேன். 5-ம் தேதி காலை பதினொரு மணிக்குக் கிராணியார் வீட்டுக் கொடியில் புதியதைப் போட்டுப் பழையதை எடுத்தேன். நான்தான் எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார் என்று நினைத்தேன். அது என் நினைப்பு மட்டுமே.

அதன் பிறகு வேட்டியை எட்டாகக் கிழித்து, கொதிக்க வைத்துக் காயவைத்து, மடிப்பு விழாமல் குழந்தையின் கீழ் விரித்தேன். வெந்நீர்க் குப்பிகளையும் அதிலேயே சுற்றினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைத்தேன். ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். ஆறாம் நாள் குதிகாலில் புதுத் தோல்.

அதற்குள் ஒரு நாள் கிராணியார் இடுப்பைச் சொறிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அந்த வண்ணான் சீனி வேட்டியில கஞ்சியக் கொட்டித் தொலைச்சிட்டான், நவமணி. இடுப்பெல்லாம் உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி இருக்கு" என்றார். தேங்காய் எண்ணெய் கொடுத்தேன். சீனி மேல் குற்றமில்லை என்று அப்போது சொல்லவில்லை. அது தவறு. இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகு நேற்று, 18-ம் தேதி, நானும் வீரம்மாவும் குழந்தையை நிறுக்க ஸ்டோருக்குப் போனோம். அங்கே பால் நிறுப்பவர் கிராணியார். வாளியில் துணி, துணி மேல் குழந்தை. வெட்டுக்காரர்கள் தங்கள் வாளிகளை இறக்கிவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"தண்ணி கலந்திருக்கான்னு நல்லாப் பாருங்க, கிராணி ஐயா" என்றாள் வீரம்மா.

கிராணியார் சிரிக்கவில்லை. வாளிக்குக் கழித்தார். "துணிக்கும் கழிக்கணும். அதத் தனியா போடு" என்றார். வேண்டாம் என்றேன். அவர் நிறுவையில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன், அவர் துணியை உதறினார். பச்சைக் கரை. தம் இடுப்பைப் பார்த்தார். துணிக்கு ஒரு அவுன்ஸ் கழித்து, குழந்தை மூன்றேகால் ராத்தல் என்று எழுதினார். அதன் பிறகுதான் போலீசுக்குப் போனார்.

இன்று காலை போலீஸ்காரர் துணிகளைக் கேட்டு வந்தார். ஏழு கொண்டுவந்திருக்கிறேன். எட்டாவதின் மேல் குழந்தை தூங்குகிறது, உருவவில்லை. அது நனைந்தால் மாற்ற வேறு துணி அங்கே இல்லை.

அடையாளம் காட்டச் சொன்னபோது கிராணியார் ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "என்னுதுதான்" என்றார். துண்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா" என்றார்.

"குடுத்திருப்பீங்களா ஐயா?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

அதன் பிறகு ஏழையும் மடித்து என்னிடம் நீட்டினார். மடிப்பு விழக்கூடாது என்றேன். பிரித்து, ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கொடுத்தார்.

நான் சொன்னதை நஜ்முதீன் படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை, மிரட்டலுக்கோ ஆசைக்கோ சொன்னதல்ல. மூன்று மணிக்குக் குழந்தையைப் புரட்ட வேண்டும். அதற்குள் அனுப்பிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) பி. நவமணி