ஆணியில் மாட்டிய சுத்தியல்

மேடையில் அமர்ந்திருக்கும் யூனியன் சேர்மன் அவர்களே, கப்பலூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஊர்ப் பெரியவர்களே, வணக்கம். மறைந்த கிராம சேவகர் சுருளி அண்ணனோடு கிராம சேவிகாவாக வேலை பார்த்த சோணையம்மாள் பேசுகிறேன். அவர் இருந்தவரை மைக்கை என் பக்கம் விட்டதே இல்லை. இன்று விட்டுவிட்டார்.

சோழவந்தானுக்கு வடக்கே, பஸ் எட்டிப் பார்க்காத இந்த மலையடிவாரத்துக்கு அவரை உரம் கொடுக்கத்தான் அனுப்பினார்கள். அவர் என்ன செய்தார்? நாம் கூடியிருக்கும் இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டார். ஓடாத பம்புசெட், ஒடிந்த சைக்கிள் என்று கிடைத்ததையெல்லாம் நடுவில் போட்டு, பிள்ளைகளாக இருந்த உங்களைக் கூப்பிட்டு, "கழட்டுங்கப்பா, தோணுறதச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். சொல்லிக்கொடுத்தால் உங்கள் மூளை தூங்கிவிடும் என்பது அவர் கட்சி. அந்தச் சைக்கிள் சக்கரத்தில்தான் முனியாயி, ஒரே ஆளாகக் கயிறு திரிக்கக்கூடிய ராட்டையைச் செய்தாள். அன்று அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! கூலிக்குப் போகும் ஊர், சொந்தத் தொழிலில் நிமிர்ந்துவிடும் என்று நம்பினார்.

நடந்தது என்ன? கை தேறியதும் கப்பலூர் கம்பெனிகள் உங்களை அழைத்துக்கொண்டன. போனதில் தப்பில்லை. சமயநல்லூர் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டவரே அவர்தான். முதலில் காசிமாயன் போனான். கடைசியில் முனியாயியும் போனாள். அவர் இங்கே தனியாகத் திரும்பி வந்தார்.

இந்தச் சுவரைப் பாருங்கள். உங்கள் ஸ்பேனர், சுத்தியல், உளி, அவரவர் ஆணியில் அப்படியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து எண்ணெய் போடுவார். யாருண்ணே வரப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"வாரப்ப துருப்பிடிச்சுக் கெடந்தா, நம்மள மறந்துட்டாகன்னுல்ல நெனப்பாக தங்கச்சி" என்றார்.

போன வெள்ளிக்கிழமை அந்த வேலையில்தான் சாய்ந்தார். ஆடு மேய்க்கப் போனவர்கள் திரும்பும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். எம்புட்டுப் பேரை ஆளாக்கினார்! தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் இல்லையே!

சேர்மன் ஐயா, கொட்டகையை உரக் கிடங்காக்கப் பேச்சு நடக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். அடிவாரத்தில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை நான் திறப்பேன். உடைந்த சாமான் இருப்பவர்கள் கொண்டுவந்து போடுங்கள்.

காசிமாயா, மற்ற எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார். உன் சுத்தியலுக்கு மட்டும் அவர் கை போய்ச் சேரவில்லை. அதை நான் தொடவில்லை. எண்ணெய்த் துணி இதோ இருக்கிறது. எழுந்து வா தம்பி.