தீவுக்காரன் கையெழுத்து

குப்பண்ணன்: மெதுவா எழுது சுடலை. அடிச்சுத் திருத்துனா கார்டு செல்லாது, பாத்துக்க.

சுடலை: திருத்த மாட்டேன் அண்ணாச்சி. ஒத்தையொத்தை எழுத்தா வச்சுத்தான் எழுதுதேன். கையிதான் வேர்க்கு.

ராமாத்தாள்: வேர்க்காதுங்களா தம்பி? பள்ளிவாசல் எஸ்டேட்டுக் குளுர்ல தேயிலைக்கு மருந்தடிச்சுட்டிருக்கற ஆளு, இந்தக் கொழிஞ்சாம்பாறை வெயில்ல வந்து உக்காந்தா? ஏனுங்க, அந்த ஃபேனப் போடறதுதானுங்க?

குப்பண்ணன்: ஃபேனப் போட்டா கார்டு பறக்கும். நீ போயி மோரு கொண்டா.

ராமாத்தாள்: கோழி கூப்புடறதுக்கு முந்தியே பொறப்பட்டு, மூணாறு, உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ்ஸு மாறி மாறி வந்திருக்குது அந்தத் தம்பி. எதுக்குன்னு பாத்தா, உங்களுக்கு ஒரு கார்டு எழுதிக் குடுக்க! உங்களுக்குக் கையி இல்லீங்களா?

குப்பண்ணன்: மணிக்கட்டுல நரம்பு இழுக்குதுன்னு சொன்னனா இல்லியா?

ராமாத்தாள்: காத்தால முப்பது தேங்கா உரிச்சப்ப இழுக்காத நரம்பு…

குப்பண்ணன்: மோரு!

சுடலை: எனக்குச் சந்தோசந்தான் மதினி. "வா, உனக்கு ஒரு கார்டு வெச்சிருக்கேன்"னு அண்ணாச்சி ஃபோன் பண்ணுனாங்க. ரெண்டு வருசமா நான் கேட்டுக்கிட்டே இருக்க கார்டு. ஹாம் ரேடியோ லைசன்சு வாங்கி மைக்கப் புடிச்ச அன்னைக்கு, மொதமொதல்ல எனக்குப் பதில் சொன்னது அண்ணாச்சிதான. அந்தக் கார்டச் சட்டம் போட்டு மாட்டணும்னு அழகுத்தாய் செவுத்துல ஆணியே அடிச்சு வச்சிருக்கா.

ராமாத்தாள்: உங்கூட்டுக்காரி பொறுமசாலி. எனக்கு இது மட்டும் புரியறதே இல்லீங்க தம்பி. ரேடியோவுல பேசியாச்சு. அப்பறம் எதுக்குக் கார்டு?

சுடலை: பேசுனதுக்குச் சாட்சி மதினி. இந்தத் தேதில, இத்தன மணிக்கு, இன்னாருகூடப் பேசுனேன், சத்தம் இப்படிக் கேட்டுச்சுன்னு எழுதி அனுப்பணும். எதிராளி கார்டு கைக்கு வந்தாத்தான் பேசுனதாச் சேத்தி.

ராமாத்தாள்: அதுக்குத்தான் பீரோவுல என் சேலையெல்லாம் எறக்கிப்போட்டு, தொண்ணூத்தொம்பது நாட்டுக் கார்ட அடுக்கி வெச்சிருக்காராக்கும்.

குப்பண்ணன்: ஞாயித்துக்கெழம நூறு. பாலக்காட்டுல சங்கத்துக்காரங்க பாராட்டு விழா வெச்சிருக்காங்க. முக்குல ஃப்ளெக்ஸு பாத்தியா?

சுடலை: பாத்தேன் அண்ணாச்சி. உங்க தலைக்குப் பின்னால பூமி உருண்டை. பக்கத்துல ஒரு பெங்குவின் உங்களக் கும்பிட்டுக்கிட்டு நிக்கி.

ராமாத்தாள்: கும்புடலீங்க தம்பி. ஃப்ளெக்ஸுக்காரன் றெக்கைய அப்படி ஒட்டிப்போட்டான்.

குப்பண்ணன்: நீ சும்மா இரு. சுடலை, நூறாவது நாடு அது, தென்கோடித் தீவு. பனிக்கட்டிக்குப் பக்கம். மனுசன்னு பாத்தா நாலு பேரு, மிச்சமெல்லாம் பெங்குவினு. அங்கிருந்து பேசற தீவுக்காரன் சத்தத்துக்காக எத்தன நாட்டுல எத்தன பேரு காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கான் தெரியுமா? எனக்குக் கெடச்சான். பக்கத்து ஊட்டுல இருந்து பேசறாப்ல அத்தன தெளிவு!

சுடலை: பக்கத்து ஊட்டுல இருந்து… ம். அவன் கார்டு வந்திருச்சா அண்ணாச்சி?

குப்பண்ணன்: மோகனசுந்தரம் சாரு நாலு மணிக்கு வாராரு. சங்கத்துல கார்டு பாக்கற ஆளு. அவரு கண்ணால பாத்து ஒத்துக்கிட்டாத்தான் நூறு.

சுடலை: வந்திருச்சான்னு கேட்டேன்.

குப்பண்ணன்: நீ எழுது. எம்பட ரேடியோப் பேரு, கால் சைனு, போட்டியா? தேதி மார்ச் பதினொண்ணு. நாப்பது மீட்டர் அலைவரிசை. எல்லாக் கட்டத்தையும் ரொப்பு.

சுடலை: போட்டேன்… இது அவனுக்கு அனுப்புத கார்டுன்னா, நாலு மணிக்குள்ள எப்படிப் போயிச் சேரும்?

குப்பண்ணன்: ஸ்கூல்ல உன்னையக் கேள்வி கேக்க மட்டுமே படிக்க வெச்சாங்களா?

சுடலை: ஸ்கூலுக்கு எங்க போனேன் அண்ணாச்சி… நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் கைநாட்டுதான. சாட்சரதான்னு முதியோர் வகுப்புல உக்காந்து படிச்சது. இங்கிலீசு எழுத்து ரேடியோப் பரீச்சைக்குத்தான் படிச்சேன். அதையும் மூணாந்தடவைலதான் பாசானேன்.

குப்பண்ணன்: தெரியும், தெரியும். எழுது.

சுடலை: ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கக் கூடாது. காத்துல வார சத்தத்த அப்படியே நம்பக் கூடாதும்பாங்க. எவனாவது வெளயாட்டுக்குத் தீவு பேரச் சொல்லிப் பேசியிருந்தான்னு வைங்க…

குப்பண்ணன்: எவன் பேசுவான்?

சுடலை: எவனோ… வேல இல்லாதவன்.

ராமாத்தாள்: மோரு குடிங்க தம்பி. இஞ்சி தட்டிப் போட்டிருக்கறேன்.

சுடலை: விழாவக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன அண்ணாச்சி? கார்டு வந்த பெறவு…

குப்பண்ணன்: ஊரெல்லாம் பாத்த ஃப்ளெக்ஸச் சுருட்டி வெக்கச் சொல்றியா? முடிஞ்சுதா? காட்டு. தேதி… சரி. நாப்பது மீட்டர்… சரி. மணி, பன்னெண்டு நாப்பத்திரெண்டு.

சுடலை: உலக மணிதான போடணும்? நம்ம கடியாரத்துக்குச் சாயங்காலம் ஆறு பன்னெண்டு.

குப்பண்ணன்: ரொம்பச் சரி. ஒரு நிமிசம் பெசகல.

சுடலை: அப்பாடா.

குப்பண்ணன்: மணி என்னன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே சுடலை.

ராமாத்தாள்: தம்பி, மோரு சட்டைல ஊத்துதுங்க.

சுடலை: நீங்க… ஃபோன்ல சொன்னாப்ல…

குப்பண்ணன்: சொல்லல.

சுடலை: அப்ப ஃப்ளெக்ஸுல…

குப்பண்ணன்: ஃப்ளெக்ஸுல பெங்குவின் வாட்ச்சு கட்டியிருக்குதா?

சுடலை: நான்தான் அண்ணாச்சி.

ராமாத்தாள்: என்னது நீங்க?

சுடலை: தீவுக்காரன்.

ராமாத்தாள்: அடக் கண்ணறாவியே!

சுடலை: வேணும்னு செய்யல மதினி. பத்து நாளு… தெனமும் மருந்து டப்பாவ எறக்கி வச்சிட்டு, கையக் கழுவிட்டு, அண்ணாச்சியக் கூப்புடுவேன். "சுடலை, அலைவரிசைய விடு, தீவுக்காரன் வருவான், பக்கத்து மலைகூடப் பேசி எனக்கு என்ன கெடைக்கும்"பாங்க. தீவுக்காரன்னாத்தான் பேசுவீங்கன்னா… சரி, தீவுக்காரனாவே வந்து பாப்பம்னு தோணிச்சு. நாலே வார்த்தை. அதுக்கு மேல எனக்கு இங்கிலீசு வராது. அவசரமாக் கும்பிடு போட்டு மைக்க அணச்சிட்டேன்.

குப்பண்ணன்: அணைக்கறதுக்கு முந்தி குக்கரு மூணு விசிலு அடிச்சுது.

சுடலை: கேட்டுச்சா?

குப்பண்ணன்: பெங்குவின் தீவுல எவனப்பா பருப்பு வேக வெக்கறான்?

சுடலை: அப்ப அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு!

குப்பண்ணன்: பேசறப்பவே எங்க தெரிஞ்சுது? பேசுனதக் குறிக்கற லாக்கு புக்குல பேனாவுல எழுதியாச்சு. சங்கத்துக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியாச்சு. தெருவுல முட்டாயி குடுத்தாச்சு. அப்பறம் ராவு சோத்துல ஒக்கார்றேன், இவ குக்கரு அடிக்குது… எனக்குக் கை நின்னுபோச்சு. பத்து நாளாக் கூப்புட்ட உன்ற நெனப்புத்தான் வந்துது.

ராமாத்தாள்: அன்னைக்குத்தான் பருப்புல உப்பு இல்லேன்னு எந்திரிச்சுப் போனீங்களா?

சுடலை: தப்புத்தான் அண்ணாச்சி. மோகனசுந்தரம் சாருகிட்ட நானே சொல்லிருதேன்.

குப்பண்ணன்: சொல்லு. உன்ற லைசன்சு போகும். என்ற மானமும் போகும். அந்தக் கார்டத் திருப்பிப் பாரு.

சுடலை: இது… பெங்குவின். தீவு பேரு போட்டிருக்கு. அண்ணாச்சி, இது தீவுக்காரன் கார்டுல்லா!

குப்பண்ணன்: பொள்ளாச்சில அடிச்சது. ஒரே ஒரு கார்டு. படத்தக் கம்ப்யூட்டர்ல இருந்து என் கண்ணு முன்னால அழிக்க வெச்சுட்டுத்தான் வந்தேன்.

ராமாத்தாள்: நரம்பு எங்க இழுக்குதுன்னு இப்பத்தான் புரியுது.

குப்பண்ணன்: என்ற எழுத்த அந்தச் சாரு தொண்ணூத்தொம்பது தடவ பாத்திருக்காரு. கண்டுபுடிச்சுருவாரு. உன்ற எழுத்து ஆருக்கும் தெரியாது. அடியில கோடு போட்டிருக்குது பாரு, அங்க பேரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடு. பேருக்கு எதாச்சும் வெள்ளக்காரப் பேரு.

சுடலை: நானா?

குப்பண்ணன்: பின்ன? அன்னைக்குத் தீவுல பேசுனது ஆரு? இந்தக் கார்டுல கையெழுத்துப் போட ஒலகத்துலயே பாத்தியதை உள்ள ஆளு நீ ஒருத்தன்தான்.

சுடலை: படிச்சப்ப நான் மொதல்ல எழுதுனது எம் பேருதான் அண்ணாச்சி. அடுத்தவன் பேர எழுதிப் பழகல.

குப்பண்ணன்: இன்னைக்குப் பழகு.

சுடலை: சரி… எனக்கு வச்சிருக்கேன்னு சொன்ன கார்டு? அதக் கண்ணுல காட்டுங்க. அதப் பாத்துட்டுப் போடுதேன்.

குப்பண்ணன்: அது… அடுத்த மாசம் சேத்து அடிக்கலாம்னு…

சுடலை: அடிக்கலையா?

குப்பண்ணன்: பக்கத்து மலைக்குக் கார்டு எதுக்குடா? தபால் தலைக்குக் கேடு.

ராமாத்தாள்: ஏனுங்க! ஆணி அடிச்சு வெச்சிருக்குதாமா அந்தப் புள்ள!

குப்பண்ணன்: அய்யோ, பைக்குச் சத்தம். சாரு வந்துட்டாரு. நான் போயி நாயப் புடிச்சுக் கட்டறேன். சுடலை, ரெண்டே நிமிசம். போட்டு வை.

ராமாத்தாள்: தம்பி, வேண்டாமுங்க. அந்த மனுசன் ஆடறாருன்னு நீங்களும் சேந்து ஆடாதீங்க. பேனாவக் கீழ வெச்சுப்போடுங்க.

சுடலை: இல்ல மதினி. போடுதேன். கோடு நேராத்தான இருக்கு?

ராமாத்தாள்: அட, இத்தன எழுத்தா? வெள்ளக்காரன் பேரு அவ்வளவு நீளமுங்களா?

சுடலை: பேரு சின்னதுதான் மதினி. ஊருதான் நீளம்.

குப்பண்ணன்: வாங்க சாரு, வாங்க! செருப்புப் போட்டுட்டே வாங்க, பரவால்ல. ராமாத்தா, சாருக்கு மோரு. சுடலை, தீவுக் கார்டு எங்க? இப்படிக் குடு… இதா சாரு, பாருங்க. தேதி, மணி, எல்லாம் லாக்கு புக்கோட ஒத்து வரும். ஆப்பரேட்டர் பேரு… கண்ணாடி எங்க… ஆப்பரேட்டர்… சுட… சுடலை. ஊரு… பள்ளி… பள்ளிவாசல்… எஸ்டேட்டு… டேய்! ராமாத்தா, ஒரு பேனா! இந்த ஒரு வரிய மட்டும்…

சுடலை: வேண்டாம் அண்ணாச்சி. அடிச்சுத் திருத்துனா கார்டு செல்லாது.