போப்பா மலைக் காலண்டர்

போப்பா மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். செங்குத்தாக ஒரு பாறை, அதன் உச்சியில் தங்கக் கூம்புகள், அடிவாரத்தில் இவர்களுடைய மாமியார். மாமியார் கையில் ஒரு வாழைப்பழம், அதைப் பிடுங்க வருகிற ஒரு குரங்கு. அந்த ஃபிலிமையெல்லாம் கழுவிக் கொடுத்து நான் வயிறு வளர்த்தவன். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பாறை மலையே இல்லை, பாப்பா. எரிமலையின் தொண்டையில் அடைத்து இறுகிப்போன கட்டி அது. உண்மையான மலை இவர்கள் முதுகுக்குப் பின்னால், உச்சி பிளந்துபோய், காட்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தேசியப் பூங்கா என்று அரசாங்கமே பலகை நட்டு வைத்திருக்கிறது. ஒருத்தனாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே.

நான் திரும்பிப் பார்த்தவன். அந்தச் சரிவில் ஏறி நின்று, மலையே தன் பாறையைக் குனிந்து பார்ப்பதுபோல ஒரு படம் எடுத்தவன். அதைத்தான் நீ பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறாய். காலண்டர் தாளை இப்படியா மடிப்பது? கூம்பின்மேலேயே மடிப்பு விழுந்திருக்கிறது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. சரி, போகட்டும், உன் அம்மா தைலம்மாள் வீட்டுச் சுவரில் வேறு எப்படி இருக்கும்.

அவள் போன மாதம் தவறிவிட்டாள் என்றாய். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மகள் சாந்தகுமாரி என்று நீ சொல்லியிருக்கவே வேண்டாம், நெற்றியும் நிற்கிற தோரணையும் அப்படியே அவள்தான். கெட்டுப்போன ஃபிலிமைக்கூட இப்போது கம்ப்யூட்டரில் சரிசெய்கிறார்களாமே, உன் அண்ணன் சிவராஜ் நிழல் மாதிரியாவது தெரிய மாட்டானா, அவனை எடுத்த அந்த நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. பபேடான் பேட்டையில் இத்தனை வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், ஒரு நெகட்டிவையும் தொலைத்தவன் இல்லை இந்தத் தங்கவேலு. பதில் சொல்கிறேன். நடுவில் அழாதே, அழுதால் எனக்குக் கோர்வை போய்விடும். தமிழ் புரியாவிட்டால் சொல், பர்மா பேச்சிலேயே சொல்கிறேன்.

அப்போது நீ கைக்குழந்தை. உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியே போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மா தாமுவே மார்க்கெட் வாசலில் பருப்பு வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். உன் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் கோளாறு. நாலு எட்டு நடந்தால் உதடு நீலமாகிவிடும். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். யாரோ ஒரு பர்மாக்காரி சொன்னாளாம், போப்பா மலைத்தாய் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், பிள்ளை வலி அறிந்தவள், அவளிடம் கொண்டுபோய்க் காட்டு என்று. காளி கோயிலுக்கு ஒரு கும்பிடு, மலைத்தாய்க்கு ஒரு கும்பிடு. நம்மவர்களுக்குக் கும்பிடுவதற்கு என்ன குறைச்சல்.

போகிறவள் பேசாமல் போயிருக்கலாம். படம் வேண்டுமென்று என்னிடம் வந்தாள். பையனுக்கு அதுவரை ஒரு படமும் கிடையாது. பத்து வயதானால் அடையாள அட்டைக்காவது ஒன்று எடுத்திருப்பார்கள். அவன் அதுவரை இருப்பானா என்பது அவளுக்கே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். கப்பலில் வேலை செய்கிற ஒருவனிடம் சொல்லி, சிங்கப்பூரிலிருந்து ஒரு கலர் ஃபிலிம் வரவழைத்து வைத்திருந்தாள். அதைக் கைக்குட்டையில் சுற்றி, சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தாள். ஃபிலிமுக்கு விபூதி பூசியிருந்தாள், அதைத் துடைப்பதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சயா, எம் புள்ள மலையில நிக்கிற மாதிரி எடுத்துக் குடுங்க. மூஞ்சி தெளிவா விழுந்தாப் போதும்" என்றாள்.

இந்த ஊரில் படித்தவனையும் தொழில் தெரிந்தவனையும்தான் சயா என்பார்கள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த மூச்சில் மூஞ்சி விழுந்தால் போதும் என்றாள். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் எனக்கு இதே பேச்சுதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று எவனாவது கேட்டிருப்பானா?

அது தொண்ணூற்றைந்தாம் வருஷக் குளிர்காலம். மறு வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு காலண்டர் கம்பெனி போப்பா படம் தேடிக்கொண்டிருந்தது. என் கையில் நல்ல கேமரா இருந்தது, நல்ல ஃபிலிம் இல்லை. அவள் கையில் இருந்தது. இதை நான் திருட்டு என்று நினைக்கவில்லை. ஆனை வரைகிறவன் கையில் கொடுக்க வேண்டிய சாயத்தை வாசலில் கோலம் போடக் கேட்டால், அதைக் கேட்டவள்மேல்தான் தப்பு.

பஸ்ஸில் ஒரு ராத்திரி, பிறகு பின்பக்கம் திறந்த லைன்காரில் மலைக்கு. பையன் என் மடியில்தான் தலை வைத்துக்கொண்டு வந்தான். கனமே இல்லை. உன் அம்மா வழியெல்லாம் மலையின் கட்டுப்பாடுகளை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். சிவப்பு உடுத்தக் கூடாது, கறுப்பு உடுத்தக் கூடாது, பன்றிக்கறி கொண்டுபோகக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. பையனுக்கு என்று வெள்ளைச் சட்டை தைத்து வந்திருந்தாள். சுற்று வட்டாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் லைன்கார் நின்றபோது, பையன் கேட்டான் என்று ஒரு பொட்டலம் வறுத்த கௌஸ்வே நூடுல்ஸ் வாங்கினாள். கடைக்காரியிடம் கோழிதானே, கோழிதானே என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். கோழிதான். நானும் அதில் கொஞ்சம் சாப்பிட்டேன். இது பின்னால் வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்.

சரிவில் வழிப்போக்கர்களுக்கு என்று ஒரு மண்டபம் உண்டு. அங்கே படுத்தோம். விடியற்காலையில் நான் எழுந்து கேமராவோடு விளிம்புக்குப் போனேன். அந்த நேரத்தில் எரிமலையின் நிழல் சமவெளி முழுக்க விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வரும். சட்டென்று கீழே அந்தப் பாறையின் தங்கக் கூம்பு மட்டும் தீப்பிடிக்கும், மற்றதெல்லாம் இருட்டாகவே இருக்கும். அன்றைக்கு அது நடந்தது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு காலை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கொடுத்துவைக்கவில்லை. ஃபிலிம் தீரும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

கடைசி ஒன்று மிச்சமிருந்தபோது பையன் வந்து நின்றான். அம்மா தூங்குவதைப் பார்த்துவிட்டு நழுவி வந்திருக்கிறான். சண்பகப் பூ ஒன்றைக் காதில் செருகியிருந்தான். அவன் நேராக நடுவில் வந்து நின்றுவிட்டான், விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

"மாமா, இதுல நான் தெரிவேனா?" என்றான்.

"தெரிய மாட்டே. ஓரமாப் போ" என்றேன்.

போய்விட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான்.

பிறகு உன் அம்மா எழுந்து அவனுக்கு முகம் கழுவி, கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு அழைத்து வந்தாள். நான் என்ன சொல்ல முடியும்? ஃபிலிம் தீர்ந்துபோயிற்று என்றால், எதில் தீர்ந்தது என்று கேட்பாள். எடுத்தேன். வெறும் கேமராவும் அதே சத்தம்தான் போடும், பாப்பா. பாறைக்கு முன்னால், மரத்துக்குக் கீழே, மலைத்தாய் சிலைக்குப் பக்கத்தில், அம்மா மடியில். நன்றாக நம்ப வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் வெயிலுக்கு வரச் சொன்னேன், தலையை நிமிர்த்தச் சொன்னேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. சிரிக்கவில்லை என்று உன் அம்மா அவனைத் திட்டினாள். ஒரு தடவை மட்டும் கையை ஓங்கிவிட்டாள். அது என் கணக்கில் சேராது, அவள் ஓங்கியது.

பொங்கலுக்கு முன்னாலேயே அவன் போய்விட்டான். அதுவரை படம் கேட்டு வந்தவளிடம் ஃபிலிம் கழுவ மருந்து வரவில்லை, காகிதம் வரவில்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தலைவிரி கோலமாக வந்து இதோ நீ நிற்கிற இடத்தில் நின்றாள். ஃபிலிம் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது, ஒன்றும் விழவில்லை என்றேன்.

அழுதுவிட்டுப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. ஏன் கெட்டது, எப்படிக் கெட்டது, உங்கள் கைக்குக் கெட்டதே கிடையாதே என்று கேட்டுக்கொண்டே நின்றாள். தினமும் வந்தாள். ஸ்டூடியோவில் பெண் பார்க்கப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். தொழில் நடக்க வேண்டாமா? ஒரு நாள் சொன்னேன். அந்தக் கௌஸ்வே கடையில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்களாம், பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அதைப் பொட்டலமாக மலைமேல் கொண்டுபோய்விட்டோம், மலை தன்னைப் படமெடுக்க விடவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். ஃபிலிமைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

 "அப்ப எம் புள்ளைய நாந்தானே கொண்டுபோய்க் குடுத்திருக்கேன், சயா?" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சில் பையனைச் சேர்த்தது அவள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மீதி உனக்குத்தான் தெரியும். நீயே சொன்னாய், வருஷா வருஷம் சேர்த்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்ப் படியில் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள் என்று. உன் பள்ளிக்கூடம் அதில்தான் நின்றது என்றும் சொன்னாய். சாகிற அன்றைக்கும் நான்தான் அவனைக் கொன்றேன் என்றாளாம். படிப்பில்லாதவர்களின் துக்கம் இப்படித்தான், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நான் என்னால் ஆனதைச் செய்தேன். காலண்டர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவளுக்குத்தான் கொடுத்தேன். எந்த ஃபிலிம் என்றுகூடக் கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாளின் இந்த ஓரத்துக்கு வெளியே சுவரில் விரலை வைத்து, இங்கேதான் நின்றான் என்று உனக்குக் காட்டுவாளாமே. எண்ணெய்க் கறை அதனால்தான் இந்தப் பக்கம் அதிகம். அவள் விரல் வைத்த இடம்கூடத் தப்பு. அவன் நின்றது நடுவில்.

எழுந்திருக்காதே. நெகட்டிவைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கடைசிப் படம் விழுந்திருந்தது. பிரிண்ட் போட்டுக்கூடப் பார்த்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முழு வெளிச்சமும் அவன்மேல். பின்னால் நிழல், தூரத்தில் தங்கப் பொட்டு மாதிரி கூம்பு. தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், அந்தச் சுருளிலேயே அதுதான் நல்ல படம். காலண்டரில் வந்தது அதற்கு அடுத்தபடிதான். உன் அம்மா மாலைக்குப் படம் கேட்டு வந்தபோது அது இந்த இழுப்பறையில்தான் இருந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் இந்த மேசை அகலம்தான். ஆனால் ஒன்றைக் கொடுத்தால் மற்றதெல்லாம் எங்கே என்று கேட்பாளே. ஃபிலிம் முழுக்கக் கெட்டது என்று வாயால் சொன்ன பிறகு நல்லதாக ஒன்று மிச்சமிருப்பது சரியில்லை. அவள் படி இறங்கியதும் பிரிண்டையும் நெகட்டிவையும் தட்டில் வைத்துக் கொளுத்தினேன். சொன்னேனே, ஒரு நெகட்டிவையும் நான் தொலைத்ததில்லை.

என்ன கேட்கிறாய்? மெதுவாகப் பேசாதே.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

பூ நினைவிருக்கிறது. சட்டைக் கழுத்தில் நூல் பிரிந்திருந்தது நினைவிருக்கிறது. வெளிச்சம் எவ்வளவு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். முகம் தெரியவில்லை, பாப்பா. அதை நான் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதற்காக இப்படி நிற்க வேண்டாம், வழி இருக்கிறது. நீங்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். உன்னை ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் முடியைக் குறைத்து, வயதைக் குறைத்து, பின்னால் என் மலையை வைத்துவிட்டால் பையன் வந்துவிடுவான். காசு வேண்டாம். உன் அம்மா உயிரோடு இருந்தபோதே இது எனக்குத் தோன்றியிருந்தால் அவளையும் சமாதானப்படுத்தியிருப்பேன். என் பக்கம் தப்பு என்று ஒன்று இருந்தால் அந்தத் தாமதம் ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார். கொஞ்சம் சிரி.