நாயோடு கடலோரத்துக்குப் போனவர்

கோவிந்தாபுரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னது என்னைத் திரும்ப வைத்தது.

“எங்கூட்டு நாயே என்னைய உட்டுட்டு அடுத்தவங்ககிட்டப் போயிருச்சுங்கண்ணா.”

“எங்க வெச்சு?”

“கொச்சிப் பக்கம் கடலோரத்துல கூடாரம் போட்டுத் தங்கலாம்னு நானும் அதும் போனமுங்க. தோப்புல காட்டுப்பன்னியத் தொரத்துற நாயி, அலையப் பாத்ததும் வாலை இடுக்கிக்கிச்சு.”

“பாவம், அதுக்குக் கடல் பழக்கமில்லியே.”

“எனக்கு மட்டும் இருக்குதுங்களா? அந்த எடத்துச் சேட்டன், மேட்டுல போடுங்கன்னு அத்தன சொன்னாருங்க. கடல் பாக்கத்தானே வந்தேன்னு தண்ணிக்குப் பக்கத்துலயே போட்டேன். நாயி கயித்தக் கடிச்சுட்டு மேட்டுல இருந்த ஒரு குடும்பத்தோட கூடாரத்துல போய்ப் படுத்துக்கிச்சு. மானம் போகுதேன்னு பின்னாலயே போய், வாடா வாடான்னு கெஞ்சிட்டு நின்னேன். திரும்பிப் பாத்தா என்ற கூடாரம் தண்ணியில போகுது. உள்ள படுத்திருந்தா நானும் அதோட போயிருப்பேனுங்க.”

“அப்ப நாயி உன்ற உசுரக் காப்பாத்தியிருக்குதப்பா!”

“எங்கீங்கண்ணா! அவங்க மீன் பொரிச்சிட்டிருந்தாங்க. அது அதுக்குப் போச்சு.”

பெரியவர் சிரித்து ஓயும்வரை அவர் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஊட்டுக்காரிகிட்ட நீங்க சொன்ன மாதிரிதானுங்க சொல்லி வெச்சேன். அன்னையிலிருந்து கறி அதுக்கு, கொழம்பு எனக்கு.”