இரண்டு காதிலும் மாட்டிக்கொள், மாப்பிள்ளை

இந்த ஸ்டேஷன் அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். உங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும், மேடம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காகிதமும் பேனாவும் கொடுத்து, அவசரப்படாமல் எழுதுங்கள் என்று சொன்னீர்கள், அதற்கு நன்றி.

முதலில் அந்த லாரி ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. முனையில் திரும்பியதிலிருந்து விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தார். பாவம், ஒரு மனிதர் மேல் அநியாயமாகப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இறந்துபோனவன் என் தங்கையின் கணவன். முப்பத்திரண்டு வருடமாக எங்கள் ராக் இசைக்குழுவின் பாடகன். கல்லூரியில் அவன் பாடியதைக் கேட்டு யாரோ ஓட்டைச் சட்டி என்றார்கள். ஓட்டை உதிர்ந்து சட்டி நிலைத்துவிட்டது. ரசிகர்கள் அட்டையில் சட்டி என்று எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள், அவனும் கும்பிடு போடுவான். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன். அவன் என்னை மச்சான் என்பான். அதைக் கேட்டுக் கேட்டு டிரம்மர், பேட்டி எடுக்க வருகிறவர்கள், கடைசியில் தபால்காரர் வரைக்கும் நான் மச்சான் ஆகிப்போனேன். நான் மேடை ஏறுகிறவன் இல்லை. ஒலிப்பதிவுதான் என் வேலை. எட்டு ஆல்பத்தையும் பதிவு செய்தது நான்.

ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் எதற்கு மாற்று என்று நேற்று கேட்டீர்கள். முப்பது வருடமாக எல்லோரும் கேட்கிறார்கள், ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. அழகாகப் பாடுவதற்கு மாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் குரல் மேலே போகப் போக விரிசல் விடும். அடுத்த வார்த்தை வருமா வராதா என்று அவனுக்கே தெரியாது. கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வார்த்தை எப்படியோ வந்து சேரும்போது கூட்டம் முழுக்க உயிர் வந்த மாதிரி கத்தும். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். கிட்டார் எல்லாம் ஊரில் யார் வேண்டுமானாலும் வாசிப்பார்கள்.

பதினோரு வருட இடைவெளிக்குப் பிறகு ஒன்பதாவது ஆல்பம் செய்யலாம் என்று கிளப்பியது அவன்தான். முதல் நாள் ஸ்டூடியோ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பாடினான். நான் இந்தப் பக்கம் கருவிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்துநாலு வயதில் ஒரு பாட்டு டீச்சரிடம் போய், மூச்சு விடுவதிலிருந்து கற்றுக்கொண்டு வந்திருந்தான். சிகரெட்டை விட்டிருந்தான். காலையில் நடைப்பயிற்சி வேறு. குரல் ஒரு இடத்தில்கூடப் பிசிறவில்லை.

"எப்படி மச்சான்?" என்றான்.

"நல்லா இருக்கு."

"எனக்கு இப்படி வந்ததே இல்லடா. பயமே இல்லாம பாடறேன். இத்தனை வருஷம் எதுக்குப் பயந்தேன்னே தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்தப் பயம்தான் எங்கள் குழு. அதை யாரோ ஒரு டீச்சர் துடைத்து எடுத்துவிட்டாள். அவன் பாடியது உப்புச்சப்பில்லாமல் இருந்தது. அப்படியே வெளியிட்டால் நல்ல முயற்சி என்று நான்கு பேர் எழுதுவார்கள், ஒரு மாதத்தில் மறந்துபோவார்கள். அவனை நான் அப்படிப் போக விட்டிருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

பாடும்போது சட்டி ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுவான். இடது காதைத் திறந்தே வைத்திருப்பான். அறையில் ஒலிக்கும் தன் குரலை நேராகக் கேட்டாக வேண்டும் அவனுக்கு. மூன்றாம் நாள் நான் சொன்னேன்: "மாப்பிள, அந்தப் பக்கத்துல இருந்து இசை கசிஞ்சு மைக்ல விழுது. ரெண்டு காதுலயும் மாட்டிக்கோ." கசிவு இருந்தது உண்மை. முப்பது வருடமாக இருந்ததுதான்.

இரண்டு காதும் மூடிய பிறகு, அவன் குரல் அவனிடம் திரும்பிப் போகும் வழி என் கையில் இருந்தது. ஹெட்போனில் அவனுக்குக் கேட்கும் சுருதியை மட்டும் ஒரு மயிரிழை இறக்கினேன். கண் இமைக்கும் நேரத்தில் கால்வாசி தாமதம் சேர்த்தேன். அவ்வளவுதான். குரல் இறங்குவதாகக் கேட்கும், அதனால் ஏற்றிப் பாடுவான். பின்தங்குவதாகத் தோன்றும், அதனால் முந்துவான். பிறகு அதே பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் சுருதி ஏறி, தாளம் முந்தி, அப்பட்டமாகத் தப்பு. பதிவை நான் தொடவே இல்லை, மேடம். அதில் இருந்த தப்பு முழுக்க அவன் பாடிய தப்பு. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தினமும் கொஞ்சம் கூட்டினேன். இரண்டாவது வாரம் அவன் ஜன்னலை மூடச் சொன்னான். ஏசியை நிறுத்தச் சொன்னான். மைக்கை மாற்றினான், நின்ற இடத்தை மாற்றினான், டீயில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தான். டீச்சர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரு நாள் முழுக்கத் திட்டினான். பேசுகிறவர்களின் உதட்டையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். என் ஒருவனைத் தவிர எல்லோர் மேலும் அவனுக்குச் சந்தேகம்.

டிரம்மர்தான் கொஞ்சம் சிக்கல் செய்தார். ஒரு பாட்டில் பின்குரல் கொடுக்க வந்தவர் சட்டியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்கு வரி பாடினார். உடனே கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இதுல என்னமோ சரியில்லையே. என் குரல் எனக்கே லேட்டா கேக்குது."

"கேபிள் பழசு. மாத்திடறேன்," என்றேன்.

அவர் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்று முழுக்க என் கை எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் சேர்ந்து வேலை செய்த ஒருவனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது. மறுநாள் காரில் வரும்போது சட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டிரம்மர் கொஞ்ச நாளா உன்னைக் குழப்பற மாதிரி வாசிக்கிறாரோ? உனக்கு ஏதாவது தோணுதா?" கேட்டேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டார்கள். டிரம்மர் குச்சிகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார். அவர் பங்கு முழுக்க ஏற்கெனவே பதிவாகியிருந்தது, அதனால் வேலை நிற்கவில்லை.

சட்டியின் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் காது போய்விட்டது. வீட்டில் முதலில் கத்திப் பேசினார்கள், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்கள். பத்து வருடம் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்தார். சட்டிக்கு உலகத்தில் வேறு எதற்கும் பயமில்லை, இதற்கு உண்டு. எனக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட. என் காது போயிடுச்சா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அவசரப்பட்டுச் சொல்லவில்லை.

"போகுது, மாப்பிள," என்றேன்.

அதற்கு அடுத்து அவன் பாடியதுதான் ஆல்பத்தின் ஏழாவது பாட்டு. நீங்கள் அதைக் கேட்க வேண்டும். முதல் ஆல்பத்தில்கூட அவன் அப்படிப் பாடியதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்துவிடுமோ என்று பதறிப் பதறி வருகிறது. முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொடுத்தேன். அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு அவன் மேல் அத்தனை பாசம் பொங்கியது.

என் தங்கைக்கு மனசு கேட்கவில்லை, அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்ய வைத்தாள். "அண்ணா, நீ வர்ற வழிதானே, ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்துடு," என்றாள். வாங்கினேன். படித்தும் பார்த்தேன். இந்த வயதில் இவ்வளவு நல்ல காது அபூர்வம் என்று எழுதியிருந்தது. டாக்டர்கள் ஒரு அறையில் உட்காரவைத்து நான்கு பீப் சத்தம் போட்டுப் பார்க்கிறார்கள், இசையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அதைக் கேபிள்கள் வைக்கும் பெட்டிக்கு அடியில் வைத்தேன். காதும் காதும் வைத்த மாதிரி ஸ்டூடியோவிலேயே முடிந்துபோக வேண்டிய விஷயம் அது. தங்கையிடம், "கொஞ்சம் குறைஞ்சிருக்காம், பயப்பட வேண்டாம்னு சொன்னாரு," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கற தைரியத்துலதான் அவர் நடமாடறார்ணா," என்றாள்.

அதன் பிறகு அவனுக்கு நான் வேறு வழி சொல்லிக்கொடுத்தேன். "காதுல கேக்கறதை நம்பாதே. கண்ணாடி வழியா என் கையைப் பாரு. கை மேல இருந்தா நில்லு. இறக்கினா வா." குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டான். மூன்று வாரம் இப்படியே போனது. போகப் போக ஸ்டூடியோவுக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட எழுவதற்கும், காரில் ஏறுவதற்கும்கூட என் கையைப் பார்த்துவிட்டுத்தான் அசைவான். தங்கை இதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் போன் செய்தான். கடைசிப் பாட்டில் பாதி பாக்கி இருந்தது.

"மச்சான், கிளினிக்ல இருந்து பேசறேன். நானே வந்து ரிப்போர்ட் கேட்டேன். இன்னொரு காப்பி குடுத்தாங்க." போனில் காகிதம் சரசரத்தது. "எனக்கு ஒண்ணுமே இல்லையாம்டா."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்," என்றேன்.

"டிரம்மரை வரச் சொல்லியிருக்கேன். அந்த ஹெட்போனைக் கழட்டிப் பாக்கணும்கறார். அதுவரைக்கும் எதையும் தொடாதே. எல்லாப் பாட்டையும் முதல்ல இருந்து பாடப் போறேன். பழசு ஒண்ணும் வேணாம், அழிச்சிடலாம்."

ஏழாவது பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னான். அதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஸ்டூடியோவிலிருந்து கீழே இறங்கி வாசலில் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் ஆட்டோவிலிருந்து இறங்கினான், கையில் காகிதம். கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வருகிறவன் மாதிரி இருந்தான். நடைபாதை ஓரத்துக்கு வந்ததும் நான் கையைத் தூக்கினேன். நின்றான். காதில் குறையில்லை என்று காகிதம் கைக்கு வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. மூன்று வாரப் பழக்கம் அரை மணியில் போய்விடாது. அங்கே நின்று பார்த்த பஞ்சர் கடைக்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குச் சொன்னீர்கள்: "அவ்ளோ சத்தமா ஹார்ன் அடிக்கிறான், இவர் திரும்பிக்கூடப் பாக்கல. எதிர்ல யாரையோ பாத்துக்கிட்டே இருந்தார்." அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இது விபத்து என்று உங்கள் மேலதிகாரி எழுதியிருக்கிறார், காது கேட்காதவர் சாலையைக் கடந்ததாக. அதைத் திருத்த வேண்டும். அவனுக்கு எல்லாம் கேட்டது. கேட்டதை நம்பக் கூடாது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். தங்கையிடம் ஒன்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்: அவனை நான் நேசித்த அளவுக்கு வேறு யாரும் நேசித்ததில்லை, ஏழாவது பாட்டைக் கேட்டால் அவளுக்கே புரியும். லாரி முனையில் திரும்புவதை நான் பார்த்தேன். ஹார்ன் எனக்கு நன்றாகக் கேட்டது. அது எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று ஒரு ஒலிப்பதிவாளனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். சரியான நேரம் வரும்வரை காத்திருந்தேன். பிறகு கையை இறக்கினேன்.